கடைசி அலசல் தண்ணீர்

முதல் நாள் அவர் என்னிடம் ஒன்றுமே வாங்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தார்.

மொபெட்டின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு திருத்தணியில் தெருத்தெருவாகப் பினாயில் விற்கிறவன் நான். மல்லிகை, ரோஜா, எலுமிச்சை என்று மூன்று வாசனையில் பினாயில், கக்கூசுக்கு ஆசிட், பாத்திரத்துக்கு சோப் ஆயில், தண்ணீர்த் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர். கூவி விற்க எனக்கு வாய் வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் வண்டியைக் கிளப்பிவிடுவேன். அதனால் என் மனைவியின் குரலைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். "பினாயிலே, ஆசிட்டே, சோப் ஆயிலே" என்று அவள் கூவிக்கொண்டு வருவாள். நான் வண்டியை மட்டும் ஓட்டுவேன்.

அந்த அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரே சிஸ்டர் என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, கொஞ்சம் நீளமான மூக்கு. ஒவ்வொரு கேனாக மூடியைத் திறந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோகாமல், கையால் காற்றை விசிறி விசிறி முகர்ந்தார்.

"இது இன்னா?"

"மல்லிங்க."

"மல்லி இல்ல நைனா. மல்லி மாதிரி ஒன்னு. அதுக்கு அடியில பினாயிலு. அதுக்கும் அடியில உன் டிரம்மு. டிரம்ம கழுவி எத்தினி மாசம் ஆச்சு?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டில் சரக்குக் கலக்கும் டிரம்மை நான் கழுவியதே கிடையாது.

"வாசன இல்லாதது எதுனா கீதா?"

அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீடு துடைத்தாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதே அந்த வாசனைதான். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். வெயிலில் வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "வேணாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். யார் வீட்டிலும் எதுவும் வாங்கிக் குடிக்க எனக்குக் கூச்சம். அவர் சொம்போடு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றது வண்டிக் கண்ணாடியில் தெரிந்தது. ஏன் நிற்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

அவருக்கு எல்லோருமே நைனாதான். ஊசியைப் பார்த்து அழுகிற குழந்தையும் நைனா, அதைத் தூக்கி வந்த தாத்தாவும் நைனா. என்னையும் கடைசி வரைக்கும் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அவருடைய மூக்கைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் முதலுதவிப் பந்தல் போடுவார்கள். அங்கே காவடி எடுத்து வந்த ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டாராம். சிஸ்டர் மாத்திரையை எடுக்காமல், "கால காட்டு நைனா" என்றாராம்.

"தலதாம்மா வலிக்குது."

"தல இருக்கட்டும். கால்ல கட்டு போட்டுகினு எத்தினி நாளா நடக்கற?"

வேட்டிக்குள் மறைந்திருந்த கட்டைப் பிரித்தால் புண் சீழ் பிடித்திருந்தது. சுற்றிலும் கற்பூரம், சந்தனம், பூ, ஆயிரம் பேர் வியர்வை. அத்தனைக்கும் நடுவில் அவருக்கு அது தெரிந்திருக்கிறது. இதைச் சொன்னவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். "பால்ல தண்ணி ஊத்தினாகூட ஒன்னும் சொல்லமாட்டாங்கப்பா. நேத்து பால ஊத்தினா கிளாஸ அப்படியே திருப்பி வச்சிடுவாங்க" என்று சேர்த்துச் சொன்னார்.

என்னையும் விட்டதில்லை. ஒரு நாள் வண்டியை நிறுத்தியதும் சிரித்தபடி, "இன்னா நைனா, வூட்ல சண்டையா?" என்றார். நான் விழித்தேன். "தூக்குல ஓட்டல் சாம்பாரு வருது."

உண்மைதான். நானும் மனைவியும் இரண்டு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

வாசனை இல்லாத சரக்கு அவருக்கு எதற்கு என்பது இரண்டாம் தடவை போனபோது தெரிந்தது. பின்பக்கம் வெயிலில் நாலு பெரிய பீங்கான் ஜாடிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு மர அகப்பை. கொடியில் வெள்ளைத் துணிகளோடு ஒரு நீள ரப்பர் குழாய் தொங்கியது. ரயில் பாதைப் பக்கம் ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. அங்கே திருவிருந்துக்குக் கொடுக்கும் திராட்சரசத்தை வருடத்துக்கு இரண்டு முறை அவர்தான் வீட்டில் போடுவார். கிறிஸ்துமசுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு ஒன்று. கறுப்புத் திராட்சையைக் கழுவி, ஈரம் போக ஆறவிட்டு, கையால் பிசைந்து, சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார். தினமும் ஒரு தரம் கிளறுவார். இருபத்தோரு நாள் கழித்து, அடியில் தங்கிய மண்டி கலங்காமல், குழாய் வைத்துத் தெளிந்ததை மட்டும் இறக்குவார்.

டீக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "சிஸ்டர் வூட்ல ஊறல் போட்டாச்சு, வரிசைல வாங்கப்பா" என்பார். சிஸ்டர் கோபப்படமாட்டார். "உன் டீய விட சுத்தம் நைனா" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

"திராட்ச பாதி வேலதான். மீதி பாதி கழுவுறதுல கீது" என்று என்னிடம் சொன்னார்.

எதைப் போட்டுக் கழுவுவது என்பதில் எங்கள் பழக்கம் வளர்ந்தது. நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோவேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். சோப் ஆயிலைப் போட்டுக் கழுவிய ஜாடியின் உள்பக்கத்தை விரலால் தடவி, "பாரு, வழவழன்னு ஒரு தோலு நிக்குது. ரசத்தோட ருசியே போயிடும்" என்றார். ஆசிட் என்றதும் சிரித்துவிட்டார். "பளபளப்ப தின்னுடும் நைனா. அப்புறம் அந்த சொரசொரப்புல கிருமி குடும்பம் நடத்தும்." கம்பி நாரும் அதே காரணத்தால் கூடாது. பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டை மட்டும் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கிருமிய கொல்லும். ஆனா சொன்னாலும் போகாது. பத்து தரம் அலசினாலும் எங்கனா ஒளிஞ்சிகினு இருக்கும். திராட்ச தோலோட சேர்ந்துச்சின்னா ஆஸ்பத்திரி நாத்தம் வரும். ஒரு வாட்டி பட்டுட்டேன்."

கடைசியில் தேறியது சலவைச் சோடா ஒன்றுதான். என்னிடம் அதைக் கேட்கிறவர் அவர் ஒருவரே என்பதால் அரக்கோணத்தில் தேடி வாங்கிவருவேன். சுடுதண்ணீரில் சோடாவைக் கரைத்து ஜாடியை ஊறவைப்பார், மெல்லிய துணியால் துடைப்பார், நல்ல தண்ணீரில் நாலு தரம் அலசுவார். அதற்கு மேல் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுழற்றி வெயிலில் கவிழ்ப்பார்.

"அழுக்கு போறது வேற, கிருமி போறது வேற நைனா. ரெண்டையும் ஒரே பாக்கெட்ல போட்டுத் தரேன்னு எவனா சொன்னா நம்பாத."

"நான்தாங்க சொல்லி விக்கறேன்."

"தெரியும். அதான் சொன்னேன்."

கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, கண்ணை மூடி முகர்வார். ஒரு வாசனையும் இல்லையென்றால் முகம் மலரும். "ஆங். இப்பதான் ஜாடி காலியா கீது."

ஒரு முறை, என் வழக்கத்துக்கு மாறாக, நானாக ஒரு கேள்வி கேட்டேன். "கடைல பாட்டில்ல விக்குதே சிஸ்டர். எதுக்கு இவ்ளோ பாடு?"

அவர் ஜாடியைக் கிளறிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரில இந்தக் கையால எத்தினி கொழந்தைய வெளிய எடுத்திருக்கேன். எடுத்துக் குடுக்கறப்ப கும்பிடுவாங்க. அதே ஆளுங்க தெருவுல போயி ஒரு வாய் தண்ணி கேட்டா, சொம்ப குடுக்காம, கைய ஏந்தச் சொல்லி மேலேந்து ஊத்துற வூடு இன்னும் கீது. நானா ஆசையா தண்ணி மொண்டு குடுத்தா, வேணான்னுட்டு போறவங்களும் கீறாங்க." அகப்பையை ஜாடி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். "சர்ச்ல ஒரே கிண்ணம் நைனா. எல்லாரும் வாய் வச்சி குடிக்கிறாங்க. அதுல இருக்கறது என் கையால ஆனது."

முதல் நாள் கண்ணாடியில் பார்த்த சொம்பு எனக்கு ஞாபகம் வந்தது. அது வெறும் கூச்சம் சிஸ்டர், வேறொன்றும் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சோடா பாக்கெட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கொரோனா வந்தபோது அவர் வேலையாக வார்டிலேயே கிடந்தார். இரண்டாவது அலையில் அவருக்கே வந்தது. பிழைத்து எழுந்து மறுபடி வேலைக்குப் போனார். சர்ச்சில் திருவிருந்து நெடுநாள் நின்றுபோயிருந்தது. மறுபடி தொடங்கலாம் என்று முடிவானதும், வீட்டில் போட்ட ரசம் வேண்டாம், சீல் வைத்த பாட்டில்தான் சுத்தம் என்று சபைச் செயலாளர் சொன்னாராம். சர்ச் போதகரான ஐயர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இந்த ஒரு தரம் போடுங்க சிஸ்டர், பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

பெரிய வியாழனுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் போனேன். வாசலில் நின்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சிஸ்டர், "இந்த வாட்டி பிளீச்சிங் பவுடரும் குடு" என்றார். எனக்கு ஆச்சரியம். அதே நேரம் அவருக்குப் பின்னால் சமையலறையிலிருந்து புகை வருவதைப் பார்த்தேன்.

"சிஸ்டர், புகை."

ஓடினார். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதே கேட்டது போலாகிவிட்டது.

"மூக்கு போச்சு நைனா. காய்ச்சல் வந்ததுலேந்து ஒன்னுமே வரல. பூவும் ஒன்னுதான், பொணமும் ஒன்னுதான். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அன்னிக்கே பாட்டில் வாங்கிடுவாங்க."

அதனால்தான் பிளீச்சிங் பவுடர். முகர்ந்து தெரிந்துகொள்ள முடியாதபோது, கிருமி இருந்துவிடுமோ என்ற பயம். அன்றே கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கழுவிவிட்டார். மறுநாள் நான் போனபோது ஜாடிகள் கழுவித் தயாராக இருந்தன. கடைசி அலசல் தண்ணீரை டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

"நீ மோந்து சொல்லு. உனக்குத்தான் யார்கிட்டயும் பேச வராதே."

அவரைப் போலவே கண்ணை மூடி முகர்ந்தேன். "ஒன்னும் இல்லீங்க சிஸ்டர்."

"ஆங்" என்றார். அந்த ஆங்கில் பழைய மலர்ச்சி இருந்தது. வண்டியில் திரும்பும்போது எனக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

வீட்டில் மனைவியிடம், சிஸ்டர் என்னை ஜாடி முகரச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உன்னையா? நேத்து ஊசிப்போன கொழம்ப ரெண்டு தரம் ஊத்திகினு தின்னியே, உனக்கு மூக்கு கீதா? பத்து வருசமா பினாயில் டிரம்முக்குள்ள தலய வுட்டுகினு கீற. உனக்கு இன்னாய்யா தெரியும்?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். பால் கருகிய அன்றும் நான் புகையைக் கண்ணால்தான் பார்த்தேன். என் மூக்குக்கு எதுவும் வரவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

விடிந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அவர் தெருவில் மூன்று சுற்றுச் சுற்றினேன். என் மனைவி பினாயிலே, ஆசிட்டே என்று மூன்று தரம் கூவினாள். நான் இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவியே, "நீ சொல்லமாட்ட, நானே வரேன்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் திராட்சையைப் பிசைந்து ஜாடியில் போட்டாகிவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு எப்படியோ சொல்லி முடித்தேன். சிஸ்டர் ஒரு ஜாடியின் துணியை அவிழ்த்தார். மனைவி குனிந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சிஸ்டர். ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி கீது."

நாலு ஜாடியும் அப்படித்தான். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "மூக்கு இல்லாத ரெண்டு பேரு மோந்து பாத்துகினு இருந்திருக்கோம்!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னிக்கே வந்து சொல்லக்கூடாதா நைனா?"

"வாய் வரலீங்க."

"எனக்கு மூக்கு வரல, உனக்கு வாய் வரல. சரிதான்."

ரசம் முழுவதையும் முருங்கை மரத்தடியில் கொட்டினோம். வியாழனுக்கு இருபத்தேழு நாள் இருந்தது. இருபத்தோரு நாள் ஊற வேண்டும். இனி நானே தினமும் வந்து முகர்ந்து சொல்கிறேன் என்றாள் மனைவி. சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. உன் குரல்தான் ஏற்கெனவே ஊரு பூரா கேக்குதே." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கில்ல. சுத்தமா இல்லியான்னு வருசா வருசம் இன்னொருத்தர கேக்கணும்னா, அது நான் போடற ரசமா?" என்றார்.

முருங்கை வேரில் இனிப்பு கொட்டியும் ஓர் எறும்புகூட வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "எறும்பு சிஸ்டர்" என்றேன்.

"இன்னா எறும்பு?"

"பினாயில் போட்ட எடத்துக்கு எறும்பு வராது. அத சொல்லித்தான் விக்கறேன். பிளீச்சிங்குக்கும் வராது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய் இரண்டு தட்டுக் கொண்டுவந்தார்.

ஜாடிகளை மறுபடி சலவைச் சோடாவில் ஊறவைத்து, அலசி, கொதிநீர் ஊற்றினார். கடைசி அலசல் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் ஊற்றி, சர்க்கரை கரைத்து மதில் ஓரமாக வைத்தார். பக்கத்தில் இன்னொரு தட்டில் வெறும் குடிதண்ணீர், அதே அளவு சர்க்கரை. முதல் நாள் எறும்புகள் குடிதண்ணீர்த் தட்டுக்கு மட்டும் வந்தன. மறுபடி ஊறல், அலசல், வெயில். இரண்டாம் நாள் இரண்டு மூன்று எறும்பு அலசல் தட்டின் விளிம்புவரை வந்து திரும்பின. ரப்பர் குழாயை அலசி வைத்த தண்ணீருக்கு ஒன்றுகூட வரவில்லை. குழாயை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார். மூன்றாம் நாள் நான் போனபோது சிஸ்டர் மதில் ஓரம் குந்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு தட்டின் விளிம்பும் கறுப்பாக மொய்த்திருந்தது.

"வந்துடிச்சி நைனா."

தட்டில் ஊற்றியது போக மீதி அலசல் தண்ணீர் பக்கத்தில் ஒரு சொம்பில் இருந்தது.

"சிஸ்டர், குடிக்க தண்ணி குடுங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இரு, பானைலேந்து எடுத்தாரேன்."

"இதையே குடுங்க."

"அது ஜாடி கழுவின தண்ணி நைனா."

"எறும்பே குடிக்குதுங்களே."

சொம்பை எடுத்து நீட்டினார். எங்கள் வீட்டில் அண்ணாந்துதான் குடிப்போம். நான் வாய் வைத்துக் குடித்தேன்.

"மொத நாளு வேணான்னுட்டு போன" என்றார். அத்தனை வருடமாக மறக்கவில்லை.

"கூச்சங்க. வேற ஒன்னும் இல்லீங்க."

"அது கூச்சமா?" என்று கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதிய ரயிலில் நானே கோயம்பேடு போய்த் திராட்சை வாங்கிவந்தேன். பெரிய வியாழன் சாயங்காலம் சர்ச் வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நின்றேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். வெயில், ரயில், பிள்ளைகளின் பரீட்சை என்று பேசிக்கொண்டு போனார்கள். செயலாளர் மட்டும் சிஸ்டரிடம் நின்று, "இந்த வாட்டி இனிப்பு கொஞ்சம் தூக்கலா கீதுங்க" என்றார்.

"கிறிஸ்துமசுக்குக் கொறச்சிடறேன் நைனா" என்றார் சிஸ்டர். செயலாளர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, நான் அந்தத் தெருவில் திரும்பி என் மனைவி ஒரு தரம் கூவி முடிப்பதற்குள் வாசலில் சொம்பு வந்துவிடும். மூக்கு அவருக்கு முழுசாகத் திரும்பவில்லை. கிறிஸ்துமசுக்கும் பெரிய வியாழனுக்கும் எறும்புதான். நானும் என் டிரம்மை மாதம் ஒரு முறை கழுவ ஆரம்பித்தேன். அந்த அலசல் தண்ணீரில் சர்க்கரை போட்டு வைத்துப் பார்த்திருக்கிறேன். இதுவரை ஓர் எறும்பும் வந்ததில்லை.

ரிட்டயர் ஆனதும் அவர் மகளோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். போன நாள் நான் சுமை ஏற்ற உதவிக்குப் போனேன். ஜாடிகளை வைக்கோல் சுற்றி முதலிலேயே வேனில் ஏற்றியிருந்தார். பாத்திரமெல்லாம் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, பெட்டிக்குள் போய்விட்டது. வெறும் சமையலறையில் ஒரு சொம்பு மட்டும் தண்ணீரோடு வெளியே இருந்தது.

"உனக்குத்தான் வச்சேன்" என்றார்.

வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கழுவப் போனேன். அவர் என் கையிலிருந்து வாங்கி, மீதித் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, அப்படியே முந்தானையால் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.